விலையில்லா வெளிச்சத்தில் வீண்விரயம் உண்டா?

"எல்.இ.டி. பல்புதானே ஹஸ்ரத், எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். என்ன பெரிய கரண்டு இழுத்துவிடப் போகிறது?"

இந்தச் சொல்லை இன்று எந்த ஊருக்குச் சென்றாலும் நாம் கேட்கிறோம். வீட்டில் கேட்கிறோம், கடையில் கேட்கிறோம், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்திலும் கேட்கிறோம். சொல்பவர்கள் மார்க்கப் பற்று இல்லாதவர்கள் அல்லர். தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினால் பதறுகிறவர்கள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒளுச் செய்யும் பிள்ளையைக் கண்டிக்கிறவர்கள். விளக்கு விஷயத்தில் மட்டும் அவர்களுடைய மனம் உறுத்துவதில்லை. காரணம், மாதக் கணக்கில் அது ஒரு தொகையாகவே தெரியவில்லை.

ஆகவே இங்கே எழும் கேள்வி விளக்கைப் பற்றியது மட்டுமன்று. வீண்விரயம் என்பது பொருளின் விலையைப் பொறுத்ததா, நம் தேவையைப் பொறுத்ததா? ஒரு பொருள் மிக மலிவாகிவிட்டால், அதில் வீண்விரயம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுமா? இதை நிதானமாகச் சிந்தித்துப் பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் புதிய விளக்குகளைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுவோம். அவை அல்லாஹுத் தஆலா மனிதனுக்கு வழங்கிய அறிவின் பயன்களில் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் பெற்றோர் காலத்துக் குண்டு பல்பு, உண்மையில் ஒரு சிறிய அடுப்புதான். அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போய்விடும். மிச்சமிருக்கும் சொற்பமே வெளிச்சம். எரிந்துகொண்டிருக்கும் பல்பைக் கழற்றப் போய் விரலைச் சுட்டுக்கொள்ளாதவர் நம் வீடுகளில் யார்? அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு, இரண்டு மாதத்தில், அதாவது அறுபது நாளில், 18 யூனிட் எடுக்கும். அதே நேரம் எரியும் 9 வாட் பல்புக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. நான்கு பல்பு உள்ள வீட்டில் 72 யூனிட் எங்கே, 11 யூனிட் எங்கே! குண்டு பல்பின் ஆயுள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம், நல்ல எல்.இ.டி. பல்பு அதைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல் உழைக்கும். இதற்கு வழி திறந்தது நீல நிற ஒளியைத் தரும் டயோடு. அதைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டில் 2015 ஜனவரியில் மத்திய அரசு வீடுகளுக்கு எல்.இ.டி. பல்புகளைக் குறைந்த விலையில் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2014-இல் அரசுக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த பல்பு, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் இத்திட்டத்தில் வழங்கப்பட்டன. கோடீஸ்வரர் பங்களாவில் இருந்த பல்பு குடிசைக்கும் வந்தது. இது சிறிய காரியமன்று.

எனவே, ஒரே அளவு வெளிச்சத்தை ஆறில் ஒரு பங்கு மின்சாரத்தில் பெற வழியிருக்கும்போது, பழக்கத்தின் காரணமாகக் குண்டு பல்பையே எரித்துக்கொண்டிருப்பது சரியன்று என்பதே நம் கருத்து. "நன்றாக எரிகிற பல்பைக் கழற்றி எறிவது மட்டும் வீண்விரயம் ஆகாதா?" என்று சிக்கனமான பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பல்பை வாங்கிய விலை முன்பே போய்விட்டது. எரிய எரியப் போவதுதான் பெரிது. அதே சமயம், மாதத்தில் இரண்டு முறை அரிசி எடுக்க நுழையும் சாமான் அறையில் ஒரு பழைய குழல் விளக்கு இருந்தால், அது ஓயும்வரை இருக்கட்டும். எதற்கெடுத்தாலும் புதிது வாங்குவதும் சிக்கனமாகிவிடாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் வீடுகளில் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்த "ஜீரோ வாட்" பல்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிவப்பு, பச்சை நிறங்களில் இருக்கும். ஜீரோ என்ற பெயரை நம்பி அதற்குக் கரண்டே ஆகாது என்று நினைத்திருந்தோம். உண்மையில் அது பன்னிரண்டு வாட்டுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்தது! இன்றைய 9 வாட் பல்பைவிட அதிகம். பெயர் பூஜ்யமாக இருந்தால் செலவும் பூஜ்யம் என்று மனித மனம் எளிதில் நம்பிவிடுகிறது. "எல்.இ.டி.தானே" என்று இன்று சொல்வதும் இதே நம்பிக்கையின் மறுபிறப்புத்தான்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஸஅத் (ரலி) அவர்கள் ஒளுச் செய்துகொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபி பெருமானார் (ஸல்) அவர்கள், தண்ணீரை இப்படி விரயம் செய்யலாமா என்று வினவியதும், ஒளுவிலும் விரயம் உண்டா என்று அவர் கேட்டதும், ஓடும் ஆற்றில் இருந்தாலும் உண்டு என்று பெருமானார் பதிலளித்ததும் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த செய்தி. இது இப்னுமாஜாவில் இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருப்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள உறுதியான செய்தி. தண்ணீரில் மிகைக்கக் கூடாது என்பதில் நம் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஆற்றுத் தண்ணீரைச் சற்று யோசியுங்கள். அதற்கு விலை இல்லை. ஒருவர் அள்ளி ஊற்றியதால் இன்னொருவருக்குக் குறைவதுமில்லை. ஊற்றிய நீர் மறுபடி ஆற்றிலேயே சேர்கிறது. அப்படியிருந்தும் அதற்கு விரயம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? பொருள் குறைந்ததா என்பது அங்கே அளவுகோலாக வைக்கப்படவில்லை என்பதுதான் விளங்குகிறது. தேவை எங்கே முடிகிறதோ அங்கே கை நின்றதா என்பதே அளவுகோல். ஆற்றங்கரையில் நிற்கத் தெரியாத கை, கிணற்றடியிலும் நிற்காது, குடத்தடியிலும் நிற்காது.

உலமாப் பெருமக்கள் இஸ்ராப், தப்தீர் என்ற இரண்டு சொற்களுக்கிடையே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கூறுவார்கள். ஆகுமான காரியத்தில் அளவைத் தாண்டுவது இஸ்ராப். செலவிடத் தேவையே இல்லாத இடத்தில் செலவிடுவது தப்தீர். பனீ இஸ்ராயீல் அத்தியாயம் தப்தீர் செய்வோரை ஷைத்தானோடு உறவுபடுத்திப் பேசுகிறது. விளக்கு விஷயத்தில் இந்த வேறுபாடு கண்ணாடி போல் தெரிகிறது. ஒரு விளக்கு போதுமான அறையில் பன்னிரண்டு விளக்கு எரிப்பது இஸ்ராப். ஆளே இல்லாத அறையில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டுச் செல்வது தப்தீர். அந்த ஒரு விளக்கு 9 வாட்டா, 60 வாட்டா என்பதனால் தப்தீர் என்ற பெயர் மாறுமா?

மேலும், மின்சாரம் ஆற்று நீரைப் போன்றதுகூட அன்று. அள்ளினால் குறைவது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட் உண்டாக்க அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிய வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் புகை வருவதில்லை, சாம்பலும் இல்லை. அந்தச் சாம்பல் வேறு யார் வாசலிலோ விழுகிறது. எண்ணூர்க் கழிமுகத்துக்குச் சென்று பாருங்கள். அனல் நிலையச் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குறைந்துபோன நீரில், தலைமுறை தலைமுறையாக வலை வீசிய மக்கள் படும்பாடு தெரியும். நாம் அணைக்க மறந்த ஒரு பல்பினால் அந்தச் சாம்பல் முழுவதும் வந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் அதில் நம் பங்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

"எங்கள் வீட்டுக்கு நூறு யூனிட் இலவசம்; நாங்கள் அதற்குள்தான் எரிக்கிறோம்" என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இது பேருதவி. அதைப் பெறுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இலவசம் என்பதன் பொருள் அதற்கு விலையில்லை என்பதன்று. விலையை வேறொருவர் கட்டுகிறார் என்பதே. அரசு கஜானா கட்டுகிறது; அது பொதுமக்கள் பணம். கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் அரசுக் காரியம் முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பைத்துல்மால் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றியதாக வரலாற்றில் படிக்கிறோம். மீலாது மேடைகளில் இந்தச் சம்பவத்தை உருக்கமாகச் சொல்கிறோம். அந்த மேடையின் அலங்கார விளக்குக்குத் தெருக்கம்பத்தில் கொக்கி போட்டிருந்தால் என்ன சொல்வது? அது வீண்விரயம் பற்றிய பேச்சே அன்று, திருட்டு. அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

மலிவான விளக்கு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865-ஆம் ஆண்டில் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரங்கள் முன்பைவிடக் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கிய காலம் அது. இனிக் கரிச் செலவு குறையும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். நடந்தது நேர்மாறு என்று அவர் எடுத்துக்காட்டினார். குறைந்த செலவில் ஓடுகிறது என்பதாலேயே எங்கு பார்த்தாலும் இயந்திரங்கள் பெருகின. கரியின் மொத்தச் செலவு கூடியது.

இதற்கு இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. நம் கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். முன்பு அங்கே ஒரு 40 வாட் குழல் விளக்கு இருந்தது. சோக்கையும் சேர்த்து ஐம்பது வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். குடும்பம் முழுவதும் அதன் கீழேதான் உண்டது, படித்தது, தைத்தது, ஓதியது. இன்று அதே கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு 7 வாட் விளக்குகள் பன்னிரண்டு பதித்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஏழு வாட்தானே! பன்னிரண்டும் சேர்ந்து 84 வாட். ஓரத்தில் ஓடும் நீல வெளிச்சப் பட்டையை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. விளக்கு சிக்கனமாகிவிட்டது, மனிதன் சிக்கனமாகவில்லை. அறிவியல் கொடுத்த மிச்சத்தை நம் ஆசை இரவோடு இரவாகத் தின்றுவிட்டது.

இவ்வளவு சொல்வதால் நாம் இருட்டை ஆதரிப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே நிற்பவர்களையே குர்ஆன் ஃபுர்கான் அத்தியாயத்தில் சிறப்பிக்கிறது. கஞ்சத்தனமும் விளக்கு விஷயத்தில் நிறையவே இருக்கிறது. இரவில் கழிப்பறைக்குச் செல்லும் முதியவருக்கு வழியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வரும் செலவையும் வேதனையையும் எந்த யூனிட் கணக்கும் ஈடு செய்யாது. மாடிப்படியில் விளக்கு வேண்டும். படிக்கும் பிள்ளைக்குக் கண் நோகாத வெளிச்சம் வேண்டும். 2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களில், மதரஸாவில் ஒரே ஓர் எமர்ஜென்சி விளக்கைச் சுற்றிப் பதினைந்து பேர் கிதாபை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் நாம். வெளிச்சம் எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை எவரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி வரும் நாளில் முன்வாசல் பளிச்சென்று இருப்பதிலும் தவறில்லை. அழகுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு.

நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. வாசல் வளைவிலும் மதில் சுவரிலும் இரவு முழுவதும் விளக்கு எரியும் வீட்டில், அடுப்படியில் மட்டும் மங்கிய பல்பு தொங்கும். மருமகள் அதன் கீழே மீன் அரிந்துகொண்டிருப்பாள். அந்த விளக்கை அவள் கொஞ்ச நேரம் கூடுதலாக எரித்துவிட்டால் "கரண்டு பில் யார் கட்டுவது?" என்ற குரல் கூடத்திலிருந்து வரும். சிக்கனம் என்றால் முதலில் பெண்கள் வேலை செய்யும் இடத்தில்தான் கை வைக்க வேண்டுமா? தேவை உள்ள இடத்தில் இருட்டும், தேவையில்லாத இடத்தில் வெளிச்சமும் இருக்கும் வீட்டில் பில் குறைவாக வந்தாலும் அது விரயம் செய்யும் வீடுதான்.

தூங்கும்போது விளக்கை அணைத்துவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸைக் காட்டி, இரவில் எந்த விளக்குமே எரியக்கூடாது என்று சிலர் வாதிடுவதையும் கேட்கிறோம். இது சரியான விளக்கமன்று. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணம் அந்த ஹதீஸிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தீப்பிடிக்கும் அச்சமில்லாமல் தொங்கவிடப்பட்ட விளக்குகளுக்கு அது பொருந்தாது என்றே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு கருத்து நல்லது என்பதற்காக ஆதாரத்தை அதன் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. இரவை அல்லாஹ் நமக்கு ஓர் ஆடையாக ஆக்கியிருப்பதை நினைத்து இருட்டில் நிம்மதியாகத் தூங்குவது வேறு விஷயம். அது உடலுக்கும் நல்லது.

பள்ளிவாசலுக்கு வருவோம். பள்ளிவாசலில் விளக்கேற்றுவது சிறந்த காரியம். தராவீஹ் தொழுகைக்காகப் பள்ளிகளில் விளக்குகள் ஒளிர்ந்ததைக் கண்ட அலீ (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்களின் கப்ருக்கு ஒளி வேண்டி துஆச் செய்ததாக நூல்களில் வருகிறது. ஆனால் அதே விளக்கைப் பற்றி நம் புகஹாக்கள் எவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹனபி சட்ட நூலான பதாவா ஆலம்கீரியில் இந்தச் சட்டம் வருகிறது. பள்ளி விளக்கின் எண்ணெய்க்காக ஒருவர் வக்பு செய்திருந்தால், அதைக் கொண்டு இரவு முழுவதும் விளக்கெரிக்கக் கூடாது. தொழுகையாளிகளின் தேவை அளவுக்கே எரிக்க வேண்டும். தொழுகைக்காகத் தேவைப்பட்டால் இரவின் மூன்றில் ஒரு பகுதி, அல்லது பாதி வரை எரிக்கலாம். வக்பு செய்தவர் இரவு முழுவதும் எரிய வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தாலோ, இரு ஹரம்களிலும் பைத்துல் முகத்தஸிலும் போல அவ்வாறே வழக்கம் இருந்து வந்தாலோ மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் மலிவா, விலை உயர்வா என்ற பேச்சே அங்கில்லை. யாருக்காக, எவ்வளவு நேரம் என்ற இரண்டே கேள்விகள்தான்.

இந்த இரண்டு கேள்விகளையும் நம் பள்ளிகளில் கேட்டுப் பார்க்கலாம். லுஹருக்கு நடுப்பகல் வெயில் கொளுத்துகிறது, ஏ.சி.க்காக ஜன்னல்களை அடைத்துத் திரை போட்டுவிட்டு, உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு தொழுகிறோம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் நடுவில் முற்றம் விட்டு, பகல் வெளிச்சத்தை வீட்டுக்குள் இறக்கினார்கள். அந்த வெளிச்சத்துக்கு இன்றும் மீட்டர் ஓடுவதில்லை. புதிதாகப் பள்ளியோ வீடோ கட்டுகிறவர்கள், எந்த பல்பு வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் ஜன்னலை எங்கே வைக்கலாம் என்று கொத்தனாரிடம் கேட்பது நல்லது.

கழற்றிய பழைய விளக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழல் விளக்கிலும், சுருள் வடிவ சி.எஃப்.எல். பல்பிலும் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து மனிதரில் ஏறி விளைவித்த கொடுமையின் நினைவாகத்தான், 2013-இல் ஏற்பட்ட பாதரச உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. ஆகவே அவற்றைத் தெருவில் போட்டு உடைக்காதீர்கள். குப்பை பொறுக்கும் பிள்ளைகள் காலும் கையும் படும் இடம் அது. உடையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நாம் அறிந்த ஒரு ஜமாஅத்தில் சென்ற ஆண்டு பள்ளியின் விளக்குகள் அனைத்தையும் எல்.இ.டி.யாக மாற்றினார்கள். பில் பாதிக்கும் கீழே இறங்கியது. மிச்சமான பணத்தில் மினாராவுக்கு உச்சிமுதல் அடிவரை சீரியல் விளக்கு கட்டி விடியவிடிய எரிக்கலாம் என்று இளைஞர்கள் யோசனை கூறினார்கள். முத்தவல்லி நம்மிடம் கருத்துக் கேட்டார். அது வக்பு வருமானம், அமானிதம். ஒருவர் சொந்தக் காசில் அலங்காரம் செய்வது வேறு, வக்புப் பணத்தில் செய்வது வேறு என்று சொன்னோம். மினாரா விளக்கு மக்ரிப் முதல் இஷா முடிந்து ஜமாஅத்தார் வீடு திரும்பும்வரை எரியட்டும். ரமலானில் தராவீஹ் முடியும்வரையும், பிறகு சஹர் நேரத்திலும் எரியட்டும். இதற்கு ஒரு டைமர் போட்டால் மோதினாருக்கு ஏறி இறங்கும் சிரமமும் இராது என்றோம். அதோடு, ஹவ்ளுக்கு இறங்கும் படியில் இதுவரை விளக்கே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினோம். சுப்ஹு நேரத்தில் அந்தப் படியைத் தடவித் தடவி இறங்கும் முதியவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

படிக்கு மறுநாளே விளக்கு வந்துவிட்டது. டைமரும் வாங்கிவிட்டார்கள். சீரியல் விளக்கு மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. செலவைத் தாமே ஏற்பதாக இளைஞர்களில் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அப்படியானால் எத்தனை மணிக்கு அணைப்பது என்பதுதான் இப்போதுள்ள பேச்சு.